அவள் எண், என் பெயரில்

மே 11

புதிதாக வந்த போனுக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுத்தேன். படம் எடுத்தால் என் முகத்தைக் கேட்காமலே வெளுப்பாக்கிக் காட்டுகிறது. நான் என்ன பெண் பார்க்கவா போகிறேன்? சார்ஜர் வேறு தனியாக வாங்க வேண்டுமாம். "பெட்டிக்குள் ஒரு போனும் ஒரு நன்றிக் கடிதமும் இருந்தன. கடிதத்தைச் சுவரில் சொருகிப் பார்த்தேன், சார்ஜ் ஏறவில்லை" என்று எழுதினேன். மதியத்துக்குள் அந்த மதிப்பீட்டுத் தளத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

'நடுநிலையாளன்' என்ற பெயரில் பல வருடங்களாக அங்கே எழுதுகிறேன். போன், சிம், டவர், கம்பெனிக்காரன், அரசாங்க விதி எதையும் விடுவதில்லை. ஐந்து நட்சத்திரம் மட்டும் இதுவரை எவனுக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் மறுநாளே தலைகால் புரியாமல் ஆடுவார்கள்.

என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பிறகு, சாப்பாட்டு மேசை முழுக்க போன்களைப் பரப்பி வைத்துச் சோதிக்க முடிகிறது. இடம் தாராளம்.

மே 14

அவளுடைய அண்ணன் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். வரவேற்பறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, அவ போன் நம்பர் உங்க பேர்ல இருக்கு. அதை மட்டும் அவ பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க. வேற எதுவும் கேக்கலை."

குடும்ப இணைப்பு என் பெயரில், என் அடையாள அட்டையில் வாங்கியது. அவள் பத்து வருடமாகப் பேசுகிற எண்ணும் அதில்தான் வருகிறது. அவளுடைய தையல் கடைப் பலகையில் இருப்பது அந்த எண். தைக்கிற ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டைக்குள்ளும் ஒரு துணிச்சீட்டில் அதே எண்ணை வைத்துத் தைப்பாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் பிடரியில் என் சொத்தைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"கம்பெனி விதி, மச்சான். எண் யார் கணக்கோ அவங்களுக்குத்தான்" என்றேன்.

"விதி கெடக்கட்டும். ஒரு கையெழுத்துதானே?"

"ஒரு கையெழுத்துதானேன்னு போடறவன் நான் இல்லை."

காபி வாங்கித் தந்தேன். தொடாமல் போய்விட்டான்.

மே 17

அவள் இன்னும் நேரில் கேட்கவில்லை. கேட்கட்டும்.

மே 20

கேட்டாள். அதே எண்ணிலிருந்து கூப்பிட்டாள்.

"பள்ளிக்கூடம் தெறக்கப் போகுதுங்க. யூனிஃபார்ம் நேரம். அந்த நம்பர்தான் என் பிழைப்பு."

வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றேன்.

"நம்பருக்காக நான் திரும்பி வரணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதுதான், அவளுக்கும் புரிந்தது. போனை வைத்துவிட்டாள்.

பிறகு நேராகக் கம்பெனிக் கடைக்குப் போனேன். சிம் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட் வேண்டும் என்றேன். கவுன்டரில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையில் கொடுத்துவிட்டாள். அங்கே அவள் போன் செத்தது, இங்கே என் பழைய போனில் அவள் எண் உயிர்த்துக்கொண்டது. வழியில் டீ குடித்தபடியே மதிப்பீடு எழுதினேன்: "வேகமான சேவை. தேவையற்ற கேள்விகள் இல்லை. மூன்றரை நட்சத்திரம்."

மே 22

காலையிலிருந்து ஒரே அழைப்பு.

"அக்கா இல்லைங்களா?"

"கடை மூடியாச்சு."

"ஐயோ, அளவு குடுத்திருக்கேனே!"

"வேற எடம் பாத்துக்குங்க."

ஒரு கிழவர் மட்டும் விடவில்லை. "என்ன சார், அந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லி வைத்தேன். பாவம், மனுஷன் உச்சுக்கொட்டினார்.

நன்றாகத்தான் இருக்கிறது. பத்து வருடமாக நான் பேசும்போதெல்லாம் இந்த எண் குறுக்கே அடிக்கும், அவளும் எழுந்து போய்விடுவாள். இப்போது அடிக்கட்டும்.

மே 27

வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

"என்னைப் பழி வாங்குங்க, பரவாயில்லை. பாப்பாவோட பள்ளிக்கூட அட்டையிலயும் அந்த நம்பர்தான் இருக்கு. அவளுக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்."

"புதுசா ஒண்ணு மனப்பாடம் பண்ணட்டும். மூளைக்கு நல்லது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 2

தொலைத்தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்து கேட்டிருக்கிறது. வரைவு விதி இதுதான்: குடும்ப இணைப்பில் ஒரு எண்ணைப் பல காலம் பயன்படுத்தி வருபவர், கணக்குக்காரர் சம்மதம் இல்லாமலே அதைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

அடப் பாவிகளா! இன்றைக்கு எண், நாளைக்கு வீட்டுச் சாவியா?

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். "எண் என்பது உடைமை. கொடுப்பவர் சம்மதம் இல்லாமல் அது போகக் கூடாது; பெறுபவர் சம்மதம் இல்லாமல் யார் தலையிலும் அதைக் கட்டவும் கூடாது." இரண்டாவது பாதியைச் சும்மா ஒரு நியாயத்துக்காகச் சேர்த்தேன். நடுநிலையாளன் அல்லவா?

தளத்தில் போட்டதும் ஆணையத்துக்கு அப்படியே அனுப்பப் பலர் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜூன் 5

ஒரே ஒரு அம்மாள் எதிர்த்து எழுதியிருந்தாள். "எண்ணுக்கு உயிர் கொடுப்பது அதில் பேசுகிறவர்தானே?" என்று. "அப்படியானால் வாடகை வீட்டில் அதிகமாகக் கொட்டாவி விட்டவருக்கே வீடா?" என்று கேட்டேன். ஆள் அதன்பிறகு தளத்துக்கே வரவில்லை.

ஜூன் 9

பள்ளி திறந்துவிட்டது. அழைப்பு மழை. விளையாட்டு சலித்துவிட்டது. தெரியாத எண்ணை எல்லாம் ஒவ்வொன்றாக முடக்குகிறேன். முடக்கியவர்கள் மறுபடி கூப்பிட்டால் என் குரலில் ஒரு பதிவு கேட்கும்: "இந்தத் தையல் கடை இனி இல்லை. இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள்."

முதலில் "தயவுசெய்து" என்று ஆரம்பித்திருந்தேன். கேட்க ரொம்பப் பணிவாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசினேன்.

ஜூன் 12

மாலையில் ஒருத்தி. பின்னால் ஒரே பஸ் இரைச்சல். "ஹலோ, உங்க கடையில தைச்ச சட்டை ஒண்ணு, இங்க வந்து..." என்று இழுத்தாள். பட்டன் பிய்ந்திருக்கும், தையல் விட்டிருக்கும். என்னிடம் அழுதால்? "கடை இல்லம்மா, வைங்க" என்று துண்டித்து அந்த எண்ணையும் முடக்கினேன்.

இரவில் காதில் மாட்டும் கருவி ஒன்றைச் சோதித்தேன். வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வருவதில்லை. மூன்று நட்சத்திரம்.

ஜூன் 13

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அவள் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

நேற்று பள்ளி வேன் வழியில் நின்றுவிட்டது. பிள்ளைகளை எல்லாம் டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பாப்பா சன்னலோரம் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டு, கடைசியில் பஸ் பணிமனையில் போய் முழித்திருக்கிறாள். கண்டக்டர் ஒரு பெண். அட்டை எங்கே என்று கேட்டாளாம். அட்டை பள்ளியில். நம்பர் மாற்றுவதற்காக வாங்கி வைத்திருக்கிறார்கள். எதற்காக மாற்ற வேண்டி வந்தது? என்னால்.

பாப்பா மனப்பாடமாக இருந்த எண்ணைச் சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் கழுத்துப் பட்டையைத் திருப்பி, துணிச்சீட்டில் இருந்ததோடு சரிபார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு.

"உன் குரல் கேட்டதும் 'அப்பா!'ன்னு கத்தியிருக்கா. நீ வெச்சுட்டே" என்றாள் அவள்.

நீ. கல்யாணமானதிலிருந்து என்னை 'நீங்க' தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மறுபடி கூப்பிட்டா, கூப்பிடாதீங்கன்னு உன் குரல். அந்தக் கண்டக்டர் இன்னொரு தடவை முயற்சி பண்ணப் போனா, பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா. 'வேணாம் ஆன்ட்டி, அப்பாதான் கூப்பிடாதேங்கிறாரே'ன்னு."

அந்தப் பெண் தன் அடுத்த நடையில் பாப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து, தெரிந்த தெரு வருகிறதா பார் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். இருட்டுகிற நேரத்தில் பாப்பா கடைப் பலகையைக் கண்டு கத்தியிருக்கிறாள். அதுவரைக்கும் இவள் தெருத் தெருவாகப் பைத்தியம் மாதிரி ஓடியிருக்கிறாள்.

எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பொம்பள முழுசாச் சொல்லியிருக்கலாமில்ல? புள்ளை காணோம்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? சட்டை சட்டைன்னா—

நான் எங்கே சொல்ல விட்டேன்.

ஜூன் 14

பழைய பதிவை அழித்தேன். புதிது, நான் எடுக்க முடியாத நேரத்துக்கு: "அப்பா பேசறேன்டா. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு. உடனே வரேன்." முடக்கிய எண்களை எல்லாம் விடுவித்தேன். என் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஜூன் 22

ஞாயிறு. மச்சான் பாப்பாவைக் கொண்டுவந்து விட்டான். வாசலிலேயே நின்றுகொண்டான், வண்டியைக்கூட அணைக்கவில்லை.

புது போன் ஒன்றை விளையாடக் கொடுத்தேன். தொடவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா சொல்றே?"

"நம்பர். அம்மாவோட புது நம்பர். மறக்காம இருக்க."

"அப்பாவுக்கும் சொல்லேன்."

முணுமுணுப்பை நிறுத்தினாள். பிறகு பெரியவர்கள் மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "உங்களுக்கு வேணாம்ப்பா. நீங்க அதையும் எடுத்துக்குவீங்க."

ஜூன் 29

பாப்பாவுக்குக் காய்ச்சலாம், வரவில்லை.

ஜூலை 6

பாப்பாவுக்கு வேறு வேலை இருக்கிறதாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

ஜூலை 10

அலுவலகத்திலிருந்து வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாக வந்தேன். கடை திறந்திருந்தது. உள்ளே பெண்கள் கூட்டம், மெஷின் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பழைய எண்ணின் மேல் வெள்ளை பூசி, பலகையில் புது எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். எதிர்ச்சாரியில் போகிற பஸ்ஸிலிருந்துகூட படிக்கலாம்.

ஊருக்கே தெரிந்த எண். அதைத்தான் என் மகள் என்னிடம் மறைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். "ஹலோ" என்றாள் பாப்பா. "அப்பா" என்றேன். வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் மணியே போகவில்லை.

ஜூலை 20

ஞாயிறு. யாரும் வரவில்லை. அவளுடைய பழைய எண்ணும் அடிக்கவில்லை. டவர் இருக்கிறதா என்று போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாக் கோடும் முழுசாக இருந்தது.

ஆகஸ்ட் 1

ஆணையம் இறுதி விதியை வெளியிட்டுவிட்டது. எண் கைமாற இரு தரப்பின் சம்மதமும் கட்டாயம். கிட்டத்தட்ட என் வாசகமே. தளத்தில் ஒரே கொண்டாட்டம். "நடுநிலையாளன் ஜெயித்துவிட்டார்", "தலைவா, எங்கே போனீர்கள்?" என்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதாமலே மூடிவைத்தேன்.

ஆகஸ்ட் 8

கம்பெனிக் கடை. அதே கவுன்டர், அதே பெண். இந்த எண்ணை என் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும் என்றேன். பெறுநர் என்ற இடத்தில் பலகையில் பார்த்த அவளுடைய புது எண்ணை எழுதி, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

"உங்க பக்கம் முடிஞ்சுது சார். அவங்களுக்கு ஒரு செய்தி போகும். சரின்னு ஒரு தட்டு தட்டினாப் போதும். வெயிட் பண்றீங்களா?"

பண்ணுகிறேன் என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் சிக்னலே வருவதில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். திரும்பக் கொடுக்கிறேன் என்று பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சமாவது மனசு இளகாதா? கடைப் பலகையில் மறுபடி பழைய எண் வராதா? ஞாயிற்றுக்கிழமை...

என் போன் ஒலித்தது.

"பெறுநர் இந்த எண்ணை ஏற்க மறுத்துவிட்டார். புதிய விதிப்படி எண் தங்கள் பெயரிலேயே தொடரும்."

படித்து முடிக்கும் முன் இன்னொன்று. "இன்றைய சேவை எப்படி இருந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள்."

கவுன்டர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. விதிப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது.

ஐந்து கொடுத்தேன்.