மோட்டாருக்குச் சேர்த்த சுருதி

ஆவணி 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் கட்டுவதும் கலைவதும். யூரியா வாங்க வேண்டும். வரப்பில் நண்டு வளை, அடைக்க வேண்டும். பேஸ் கிடாருக்குப் புதுத் தந்தி வந்துவிட்டது.

எங்கள் 'மூன்றாம் பிளாட்பாரம்' மறுபடி ஆல்பம் போடுகிறது! கல்லூரியில் ஆரம்பித்த போஸ்ட்-பங்க் ராக் இசைக்குழு. இப்போது மூன்று பேருக்கும் நரை. பாட்டும் கிடாரும் இம்தியாஸ், டிரம்ஸ் பீட்டர், இருவரும் சென்னையில். நான் சாலவாக்கத்தில் நெல்லோடு. என் பங்கை இங்கிருந்தே பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

அவர்கள் அனுப்பிய மாதிரிப் பாட்டை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னாங்க இது, ஆரம்பிச்ச எடத்துலயே சுத்திக்கினு கீது?" என்றாள். சரியாகத்தான் பிடித்தாள். அதுதான் எங்கள் பாணி.

ஆவணி 6, வியாழன்

வீட்டில் மிக்சி, டிவி சத்தம். ஆகவே பம்ப்செட் கொட்டகை. கரண்ட் வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, அதன் ரீங்காரத்துக்கு மெல்லிய தந்தியைச் சேர்த்தேன். மற்றவை அதைக் கொண்டு. ஊருக்கே திரும்பி வந்த நாள் முதல் இப்படித்தான். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, பீட்டரின் டிரம்ஸை மட்டும் காதில் கேட்டபடி வாசிப்பு. எல்லாப் பாட்டும் ஒரே மூச்சில். விரல் தானாக ஓடியது. அவ்வளவு சந்தோஷம்.

களையெடுக்க வந்த கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, மோட்டார் நின்னு போச்சு, சத்தம் மட்டும் நிக்கல?"

அனுப்பியாயிற்று.

ஆவணி 8, சனி

தூறல். பீட்டர் போன். "மச்சான், சுருதி சேரலடா. நீ கொஞ்சம் மேல நிக்கற. எதை வச்சு டியூன் பண்ண?"

சொன்னேன். விடாமல் சிரித்தான். மோட்டார் ரீங்காரம் இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்குமாம். தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

போனில் ஆப் இறக்கி, சரியாகச் சுருதி சேர்த்து, திரும்ப வாசித்து அனுப்பினேன். சாயங்காலம் மறுபடி பீட்டர். "இப்ப கரெக்டா கீது மச்சான். ஆனா சவசவன்னு கீது. ஸ்டூடியோல இன்னா சொல்றாங்கன்னா, பேஸுக்கு வேற ஒருத்தரை வச்சு..." முடிக்கவில்லை.

இம்தியாஸ் கூப்பிடவே இல்லை. அதுதான் வலி. நான் இல்லாமல் இந்த ஆல்பம் வந்தால் அதைக் கேட்கும் தெம்பு எனக்குக் கிடையாது. சோறு இறங்கவில்லை. மனைவியிடம் தலைவலி என்று சொல்லிவைத்தேன்.

ஆவணி 9, ஞாயிறு

யூரியா கிடைத்தது. வேறொன்றுமில்லை.

ஆவணி 10, திங்கள்

நல்ல வெயில். உத்திரமேரூர் டவுன் பஸ்ஸிலிருந்து இம்தியாஸ் இறங்கினான்! முதுகில் கிடார். வந்ததும் வராததுமாக, "நீ மொதல்ல அனுப்புனதைத்தான் கேட்டுக்கினே வந்தேன். அதுலதான் நீ கீற. மோட்டாரைப் போடு."

தன் கிடாரையும் மோட்டாருக்கே சேர்த்தான். டிரம்ஸுக்குச் சுருதி கிடையாது, பாதகமில்லை. மோட்டாரை நிறுத்தினோம். என் பழைய வாசிப்பின் மேல் அவன் கிடார். பொருந்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பாட்டு. 'கடைசி வண்டி போயாச்சு, விளக்கை யாரும் அணைக்கல' என்ற உச்ச வரியில் குரல் உடைந்தது. திரும்பவும் அதே இடம். திரும்பவும்.

"இந்தத் தொண்டை இனிமே இவ்ளோதான்டா. நீ மோட்டாரை வச்சுத் தூக்குன சுருதி எனக்கு எட்டல."

விடு, ஸ்டூடியோ ஆளையே வைத்துக்கொள் என்றேன். மனதாரச் சொன்னேனா என்றால், இல்லை.

அவன் மைக்கை என் பக்கம் திருப்பினான். "இந்த ஒரு வரி நீ பாடு."

குழு ஆரம்பித்த நாளிலிருந்து நான் வாய் திறந்து ஒரு வரி பாடியதில்லை. பாடினேன். கரகரப்பு, நடுக்கம். வாசலில் டீச் செம்போடு மனைவி, உள்ளே வராமல்.

இம்தியாஸ் கண்ணை மூடிக் கேட்டான். "இன்னொரு தபா."