தனியறையில் மூவர் கோப்புகள்

அன்பு மகளே, கேள்! உன் அலுவலகத்தார் உன்னை ஏய்க்கிறார்கள்.

ஆட்டிசம் எனும் மதியிறுக்கம் உடைய உனக்கு இரைச்சல் ஆகாதென்று தனியறை கேட்டு வாதாடியவன் நானே. மறுநாளே கொடுத்தார்கள். அந்த விரைவே எனக்கு ஐயமூட்டியது. நேற்றுக் கள்ளக்குறிச்சியில் உன் அலுவலகத்துக்கே வந்து பார்த்தேன். உன் மேசையில் வேறு மூவருடைய கோப்புகளும் குவிந்திருந்தன.

“இன்னாங்கய்யா சந்தேகம்? பாப்பாவ ஒரு தொந்தரவும் இல்லாம வச்சிக்கினு இருக்கோம். மூணு ஆளு வேலய ஒண்டியா முடிச்சிடுது!” என்று மேலாளர் சிரித்தார்.

நம் ஊர் வடக்கனந்தல் வரும்வரை பேருந்தில் நீ வாய் திறக்கவில்லை. பத்து நாளாக வீட்டிலும் அப்படித்தான். தட்டில் பாதிச் சோறு மிஞ்சுகிறது. என் குரலும் இப்போது உனக்கு வலிக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அக்கோப்புகள் உரியவர் மேசைக்குத் திரும்பும்வரை அவ்வறைக்குள் போகாதே. விடுப்பு மடலை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போதே கையொப்பமிடு!

உன் அப்பா