முற்றாத முட்டைகள்

செர்னோபில் ஏரிக்கரை, உக்ரைன்
14 ஏப்ரல் 2019

அன்புள்ள தனேஷ்,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால்தான் கடிதம். இங்கே அணு உலை வெடித்து முப்பத்து மூன்று வருடம், ஊரில் ஆளில்லை. காலையில் பனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். படகு போவதே தெரியாது, தூக்கத்துக்குள் போவதுபோல் இருக்கும்.

பெர்ச் என்ற, கோடு போட்ட மீனை ஆராய்கிறோம். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனால் முட்டையிடும் பருவத்திலும் சில பெண் மீன்களுக்கு முட்டை முற்றவில்லை. அதே தண்ணீரில் வாழும் இன்னொரு இனத்துக்கு ஒரு குறையும் இல்லை.

நமக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று அத்தை எனக்காக இன்னும் கோயில் கோயிலாகப் போகிறார்களா? அவர்கள் ஒன்பது வருடம் கொடுத்த கஷாயம் இன்னும் கசக்கிறது.

வாணி

கிள்ளான்
6 மே 2019

அன்பு வாணி,

எனக்கு அதே வேலைதான்: குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சில் படமெடுப்பது. பதினாறு வருடம் ஆகிவிட்டது லா.

நேற்று கொமுட்டர் ரயிலில் தூங்கிவிட்டேன். கனவில் கிள்ளான் ஊர் முழுக்கத் தண்ணீர். பூக்கடைகளுக்கு மேலே உன் மீன்கள் நீந்தின, பின்னாலேயே நீயும் போனாய். கூப்பிட்டேன், குரல் குமிழியாகத்தான் வந்தது.

பெண் மீனைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். ஆண் மீன்களுக்கு எப்படி?

தனேஷ்

ஏரிக்கரை
25 மே 2019

தனேஷ்,

ஆண் மீன்களில் இதுவரை பெரிய வித்தியாசம் கண்ணில் படவில்லை. மீனை வைத்து மனிதனைக் கணிக்கவும் முடியாது.

ஏன் கேட்டாய்?

வாணி

கிள்ளான்
12 ஜூன் 2019

வாணி,

2013இல் இருவரும் பரிசோதனைக்குப் போனோமே, என் ரிப்போர்ட் நார்மல் என்று சொன்னது பொய். விந்தணு கிட்டத்தட்ட இல்லை என்றார் டாக்டர். வேலையால்தானா என்று அவருக்கும் உறுதியில்லை. வெட்கத்தில் மறைத்துவிட்டேன்.

அம்மா உன்னை மலடி என்று சொன்ன அன்று நான் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தனேஷ்

ஏரிக்கரை
3 ஜூலை 2019

தனேஷ்,

படித்தேன். படகை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பனி வந்து கரையை மூடியது.

குழந்தை இல்லாத துக்கத்தோடு என்னால் வாழ முடியும். நீ தொடர்ந்து சாப்பிட்டாய் என்பதோடு வாழ முடியுமா, தெரியவில்லை.

அத்தையிடம் சொல். உன் வாயால்.

வாணி

கிள்ளான்
28 ஜூலை 2019

வாணி,

சொல்லிவிட்டேன். அம்மா பேனாவையும் தாளையும் என் முன்னால் வைத்தார். "நான் சொல்றத அப்படியே எழுதுடா" என்றார்.

"வாணி, ஒன்பது வருசம் தப்பான ஆளுக்கு மருந்து காய்ச்சிக் குடுத்துட்டேன். நான் பேசின பேச்சுக்கு எந்தச் சாமிகிட்ட போய் நிக்கிறதுன்னு தெரியல. வரணும்னு சொல்ல எனக்கு வாயில்ல. நீ நல்லா இருக்கணும்."

ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

தனேஷ்

ஏரிக்கரை
19 ஆகஸ்ட் 2019

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எந்தச் சாமியிடமும் போய் நிற்க வேண்டாம். என்னிடம் சொல்லிவிட்டீர்கள், போதும்.

டிசம்பரில் வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கென்று ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் ஏறி வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.

தனியாக வாருங்கள்.

உங்கள்
வாணி