என் வீட்டில் மாட்டிய பலகையும் இடிபடவிருக்கும் தபால் நிலையமும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கொத்தனார்,
கதவு எண் 14, பழைய தபால் நிலையத் தெரு.

பெறுநர்:
தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எண் 16-க்கு உரிய பாதுகாப்புப் பலகை எண் 14-ல் மாட்டப்பட்டது – எண் 16 வரும் திங்களன்று இடிக்கப்படவிருப்பது – தடுக்கக் கோருதல்.

பார்வை: எனது முந்தைய ஐந்து மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது ஆறாவது மனு. முன்பு எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன். அவற்றைப் படித்தவர் எவரேனும் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தங்கள் அலுவலகத்தார் என் வாசல் வளைவில் "இருநூறு ஆண்டுத் தொன்மை" என்ற பித்தளைப் பலகையை மாட்டிச் சென்றனர். அந்த வளைவுக்கு வயது இருபத்திரண்டு. கட்டியவன் நான்.

2. உண்மையில் தொன்மையானது அடுத்துள்ள எண் 16, பழைய தபால் நிலையம். மெத்தைக் கடையின் விளம்பரத் தகரம் முகப்பை மறைத்திருந்ததால் அது தங்கள் ஆட்களின் கண்ணில் படவில்லை. அதன் வளைவைப் பார்த்துத்தான் என்னுடையதைக் கட்டினேன். அடியில் முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்கைப் பிரித்ததும் என் வளைவு இரண்டு முறை சரிந்து விழுந்தது. மூன்றாம் முறை உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து நிறுத்தினேன். அங்கே கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. செங்கல்லைச் செங்கல் தாங்கி நிற்கிறது. கட்டியவர் யாரென்று தெரியாது. அவர் முன் நான் கத்துக்குட்டி.

3. பலகை இருப்பதால், மூட்டுவலிக்கார மனைவிக்காக வாசற்படியில் கைப்பிடி வைக்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. பலகை இல்லாததால் எண் 16-ல் இடிப்பு அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. தங்கள் எழுத்தர், "உங்க வீட்டுக்குப் பெருமைதானே பெரியவரே, போர்டு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பள்ளிப் பிள்ளைகள் என் வளைவைப் படமெடுக்க வரும்போது நான் உள்ளே போய்விடுகிறேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

4. அலைந்து அலைந்து கால் ஓய்ந்துவிட்டது. பலகையை மாற்ற வழியில்லையென்றால் அது இங்கேயே கிடக்கட்டும். இடிப்பை மட்டும் நிறுத்துங்கள். சான்று வேண்டுமென்றால் திங்களன்று இயந்திரம் வருமுன் நேரில் வாருங்கள். முதலில் என் வளைவை உடைத்துப் பார்ப்போம், உள்ளே கம்பி தெரியும். அதற்கும் தங்கள் அனுமதி தேவை என்பதால் இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடையது போனால் ஒரு வாரத்தில் மறுபடி கட்டிவிடுவேன். அது போனால் என்னால் ஆகாது. இரண்டு முறை முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

திங்கள் காலை வாசலில் காத்திருப்பேன். சம்மட்டி என்னிடமே இருக்கிறது.

இடம்: எண் 14, வாசற்படி
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
எண் 14 கொத்தனார்