முதலில் உன் ஃபோல்டரில்தான் தேடுகிறது

இன்று காலை கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் காய்ந்து கிடந்த சந்தனப் பொட்டு உதிர்ந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. போன சரஸ்வதி பூஜைக்கு நீ வைத்தது. நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்தாய். "நடுவுல காத்து போற ஓட்டை இருக்குலே. அதை அடைச்சா சாமியே வந்தாலும் மிஷின் சூடாயிரும்" என்றாய். முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசம் போய்விட்டது, பிரஸ் மையின் வாசம்தான் அடித்தது. அதற்குமேல் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

திருத்தங்கலில் இந்த லேபிள் பிரஸ்ஸுக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்கு வந்தோம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்து, அச்சடிக்கப் பிளேட் போட அனுப்புவது வேலை. என் இடப்பக்கம் உன் நாற்காலி. எல்லா லேபிளும் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் மட்டும் இருவருக்கும் பொது.

நமக்கு வாய்த்த தலைவலிக்கு லைப்ரரி என்று பெயர். பல மென்பொருள்கள் பொதுவில் எடுத்துப் புழங்கும் கோப்புகள் அவை. திரையில் தெரியும் நிறத்தை அச்சு மைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கவும் அப்படி ஒன்று உண்டு. நம் லேபிள் மென்பொருளுக்கு அதன் பழைய பதிப்புதான் ஒத்துவரும். பின்னால் வந்ததெல்லாம் புதிய பதிப்பு கேட்டன. புதியதைப் போட்டால் பழைய லேபிள்களின் நிறம் மாறிவிடும், பழையதைத் திரும்ப வைத்தால் புதியவை திறக்கவே மறுக்கும். ஒரு நாள் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னலே, அங்கன மாமியா மருமக சண்டையா?"

"மாமியா இல்ல அண்ணாச்சி. ரெண்டு மருமகளுக்கும் ஒரே அடுப்பு. தனிக்குடித்தனம் வச்சுட்டா தீந்துச்சு."

முதலாளியிடம் அப்படிப் பேச உன்னால்தான் முடியும். சொன்னபடியே செய்தாய். லேபிள் கேட்டு வரும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு ஃபோல்டர், அந்தப் பார்ட்டியின் லேபிளுக்கு எந்தப் பதிப்பு வேண்டுமோ அது அந்த ஃபோல்டருக்குள்ளேயே. எல்லாவற்றையும் உன் பெயரில் இருந்த பெரிய ஃபோல்டரில் வரிசையாக அடுக்கினாய்.

அதில் விஸ்வநத்தத்துப் பட்டாசு யூனிட் ஒன்றின் ஃபோல்டரும் இருந்தது. தூரத்தில் பெரிய சத்தம் கேட்டால் நம் பிரஸ்ஸில் யாரும் பேச மாட்டார்கள், எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பார்கள். அந்த முறை விஸ்வநத்தம் பக்கம் புகை தெரிந்தது. யூனிட்டை மூடிவிட்டார்கள். சில மாதம் கழித்து இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரை அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஆளுதான் இல்ல, லேபிளாவது கெடந்துட்டுப் போகட்டும்லே" என்றாய். நீ அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடந்த ஆடி மாதத்தில் நீ போனாய். பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாயாம். சொல்லாமல் லீவு போடுகிறவன் இல்லை நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அண்ணாச்சி உன் நாற்காலிக்கு முன்னால் ஒரு மாலையை வைத்தார். "பதினாறு கும்பிட்டு முடியிற வரைக்கும் அவன் சாமான் எதையும் தொடாதீக" என்றார். தண்ணீர் பாட்டில், சீப்பு, செருப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கம்ப்யூட்டருக்குள் இருந்த உன் ஃபோல்டரையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். திறக்கக்கூட இல்லை.

அந்த நாட்களில்தான் புதிய பிளேட் மிஷின் வந்து இறங்கியது. அதன் மென்பொருள் புதிய லைப்ரரியைக் கேட்டது. போட்டேன். 'பழைய பதிப்பு இருக்கிறது, இயங்காது' என்றது திரை. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். புதிய பதிப்பு ஏறிவிட்டதா என்று கேட்டால் ஏறிவிட்டது என்கிறது கம்ப்யூட்டர். மென்பொருளைத் திறந்தால் பழையதுதான் இருக்கிறது என்கிறது. தாயில்பட்டி பார்ட்டியின் பட்டாசு லோடு லேபிளுக்காகக் காத்துக்கிடந்தது. அவர்களுக்கு நேரத்தில் கொடுக்காவிட்டால் அடுத்த சீசனுக்கு வேறு பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்வார்கள். பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் அறையில், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்பது ஒருவரிடம், பதில் சொல்வது வேறொருவர் என்று தோன்றியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் கட்டளைகளைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். மேலேயே கிடந்தது உன் வரி. எந்த லைப்ரரி வேண்டுமானாலும் முதலில் உன் ஃபோல்டரில் தேடு, அங்கே இல்லாவிட்டால் மட்டும் வெளியே போ. போன சீசன் அவசரத்தில் நீ அதை எழுதியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எல்லாத்துக்குமா வச்சிருக்க? சிக்கலாயிரும்லே" என்றேன். "இன்னைக்கு வண்டி போகட்டும். நாளைக்கு எடுத்திருதேன்" என்றாய்.

நீ எடுக்கவில்லை. நீ இல்லாத அத்தனை நாளும் இந்த மிஷின் எதற்கும் முதலில் உன்னிடம் போய்த்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் தொடாமல் காத்த இடத்திலிருந்து நீயும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்த வரியை எடுத்தேன். சின்ன வேலைதான், ஆனால் உன் பாடையைத் தூக்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. பிளேட் மிஷின் உடனே ஓடியது. அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டார்.

மறுநாள் தாயில்பட்டிக்காரர் சாம்பிள் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "என்ன தம்பி, இது நம்ம செவப்பு இல்லையே. போன வருசப் பெட்டியையும் இதையும் ஒண்ணா வச்சா, கடைக்காரக போலிச் சரக்கும்பாகளே" என்றார். எனக்கும் தெரிந்தது. சிவப்பில் ஆரஞ்சு ஏறியிருந்தது. புதிய லைப்ரரி நிறத்தை மாற்றிவிட்டது. அவருடைய சிவப்பு உன்னிடம்தான் இருந்தது.

உன் வரியைத் திரும்பக் கொண்டுவந்தேன். இந்த முறை எல்லோருக்கும் பொதுவாக வைக்கவில்லை. தாயில்பட்டி லேபிளைத் திறக்கும்போது மட்டும் உன் ஃபோல்டரைப் பார், மற்ற நேரம் வெளியே பார் என்று எழுதினேன். தனிக்குடித்தனம்தான். விஸ்வநத்தம் ஃபோல்டருக்குள்ளும் அப்படியே ஒரு வரி போட்டுவைத்தேன். அதை யாரும் திறக்கப்போவதில்லை, இருந்தாலும் போட்டேன்.

சாயங்காலம் புதுத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "இதான், இதான்" என்றார். தாளைச் சுருட்டிக்கொண்டே, "சின்னப் பெட்டிக்கும் இதே செவப்பு எடுக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று இடப்பக்கம் திரும்பினேன்.

மிஷினில் அந்த வரி எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்குள் எங்கே எழுதிவைத்தாய் என்றுதான் தெரியவில்லை.

தாயில்பட்டிக்காரரும் உன் நாற்காலியைப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.