அப்பா சொல்லாத ஊசி

நவம்பர், செவ்வாய் இரவு

வரும் மாதம் அப்பாவுக்கு அறுபத்தைந்து. தொழிற்சாலையின் மருந்துக் காப்புறுதியை விட்டு அரசாங்கக் காப்புறுதிக்கு மாறினால் திரும்பச் சேர முடியாது.

இன்று மொழிபெயர்க்க அவரோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அப்பா எடுக்கும் மருந்துகளைப் பிரெஞ்சில் கேட்டார்.

“பிரஷர் குளிசை எண்டு மட்டும் சொல்லு.”

“மூட்டுவாத ஊசியைச் சொல்ல வேண்டாமோ அப்பா?”

“கனக்கக் கதைச்சால் பிடிச்சுக்கொள்ளுவாங்கள், பிள்ளை. அகதி விசாரணையிலையும் அளவாக் கதைச்சுத்தான் தப்பினனான்.”

குளிசையை மட்டும் மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் அரசாங்கக் காப்புறுதியே போதும் என்றார் அந்தப் பெண். மாறுவதற்கான பத்திரத்தில் அப்பா கையெழுத்திட்டார். மெட்ரோவில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தேன். தயிருக்குப் பக்கத்தில் ஊசி. அது இல்லாமல் அவரால் படி இறங்க முடியாது. அதற்கு அரசாங்கம் எவ்வளவு கொடுக்கும் என்று நான் கேட்கவேயில்லை.

அந்தப் பெண் பத்திரத்தை அனுப்புவதற்கு முன், காலையிலேயே அவரை அழைக்க வேண்டும். ‘அப்பா மறந்துவிட்டார்’ என்று பிரெஞ்சில் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் மறக்கவில்லை. நானும்தான்.