அம்மாவுக்கு ஓர் இலை

மாசி 6, செவ்வாய்

பனி. சாமுண்டி மலை ஒன்பது மணிக்குத்தான் கண்ணில் பட்டது.

இன்று யாரிடமும் சொல்லாதது: அப்பாவும் அம்மாவும் மேல்கோட்டையிலிருந்து இரண்டு நாள் மைசூர் பார்க்க வருவது, என் மட்டில், அரண்மனைக்காக இல்லை. அம்மா, தான் சமைக்காத ஒரு சாப்பாட்டைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்யாண வீடுகளில்கூட அவளுக்குக் கடைசிப் பந்தி, ஆறின சாதம். அண்ணாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். "ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடலாமே" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்பாவா? ஹோட்டலா? புஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்கு மூளை கலங்கிடுத்து."

மன்னி அடுப்பைப் பார்த்தபடியே, "கேட்டுத்தான் பாருங்கோளேன்."

மாசி 7, புதன்

அண்ணா தேவராஜ மொஹல்லாவில் பிராமணாள் ஹோட்டல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். சமையல்காரர் மேல்கோட்டைக்காரராம், அதுவும் நம் தெருவாம். அப்பா இனி என்ன சொல்ல முடியும்? பெண்டுகளோடு வருகிறவர்களுக்குத் திரை போட்ட தனி அறை. சனிக்கிழமை மத்தியானம் நமக்கென்று சொல்லியாகிவிட்டது.

திட்டம். சனி காலை மிருகக்காட்சிசாலை. பிறகு இலைச் சாப்பாடு. ஜகன்மோகன் அரண்மனைப் படங்கள். நேரமிருந்தால் கண்ணம்பாடி அணைத் தோட்டத்து விளக்குகள் (மன்னியின் ஆசை). ஜட்கா பேச வேண்டும். அம்மா காலுக்கு மலை வேண்டாம்.

பாதி படித்த நாவல் அப்படியே கிடக்கிறது. பரவாயில்லை.

மாசி 9, வெள்ளி

சாயங்கால பஸ்ஸில் வந்தார்கள். புளிக்காய்ச்சல், அப்பளம், வடாம். பட்டணத்தில் எதுவுமே கிடைக்காது என்ற நினைப்பு.

அப்பா ஹோட்டலுக்குச் சம்மதம்! சமையல்காரர் பெயர் வேலை செய்தது. அம்மாதான், "அவனா? அவன் அம்மா பண்ற சாத்தமுதே தண்ணியா இருக்கும்" என்றாள். ரசம் பிறகு கெட்டியாகவா இருக்கும்? எனக்குச் சிரிப்பு.

"நாளைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்?" என்று கேட்டேன்.

"நாளைக்கா?" அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாளைக்கு ஏகாதசிடி."

நாங்கள் மூன்று பேரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. மேல்கோட்டையில் பிறந்த மூன்று பேர்! அப்பாவும் அம்மாவும் ஏகாதசியில் அரிசி தொடமாட்டார்கள். ராத்திரி ஒரு வேளை பலகாரம், அவ்வளவுதான். ஞாயிறு விடிந்ததும் வீட்டில் விரதம் முடித்துப் பாரணை, உடனே பஸ். மிச்சம் ஒரு வேளைகூட இல்லை.

அப்பா: "ஆபீஸ் உத்தியோகம் வந்தா திதி மறந்துடுமோ?" அண்ணா தலையைச் சொறிந்தான்.

நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அழவில்லை.

மாசி 10, சனி

நல்ல வெயில். புலி தூங்கியது. அப்பா ஒட்டகச்சிவிங்கியை விட்டு நகரவே இல்லை.

"அறை சொல்லியாச்சு. குழந்தைகள் பட்டினி கிடக்கணுமா? நான் சும்மா உட்கார்ந்துக்கறேன்" என்றாள் அம்மா. அப்பா ஹோட்டல் வாசல் பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே எங்களுக்கு மூன்று இலை. அம்மா முன்னால் வெறும் பலகை. பரிமாறுகிறவர் நெய்யோடு வந்ததும் அம்மா எழுந்துவிட்டாள், கிண்ணத்தை வாங்க.

"நீவு கூத்கொள்ளி, அம்மா," என்றார் அவர். உட்காரச் சொல்கிறார்.

உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு அம்மாவே மெதுவாக, "ராத்திரி பலகாரத்தை இப்பவே முடிச்சுண்டா என்னவாம்? ரவை உப்புமா பண்ணுவானா கேளு. வெங்காயம் கூடாது."

மன்னி எழுந்து போய்ச் சொன்னாள். அண்ணா வாசல் பக்கம் பார்த்தான். "உங்கப்பாவா? அவருக்கும் ஒண்ணு அனுப்பு" என்றாள் அம்மா.

புது இலை. ஆவி பறக்க வந்தது, முந்திரியோடு. அம்மா சூட்டோடு சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில், "உப்பு ஒரு கல் கம்மி." பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள்: இன்னும் கொஞ்சம்.

படங்கள் பார்த்தோம். கண்ணம்பாடிக்கு நேரமில்லை. மன்னிக்கு லேசான வருத்தம்.

மாசி 11, ஞாயிறு

துவாதசித் தளிகையை மன்னியே சமைத்தாள். அப்பா பாரணை முடித்துவிட்டு, "அவளை எழுப்ப வேண்டாம்" என்றார். அம்மா எட்டு மணி வரை தூங்கினாள். காலை பஸ் போய்விட்டது. இனி சாயங்காலம்தான்.